கல் கருவியில் ஒட்டியிருக்கும் தங்கம் 3,800 வருடப் பழசா, இல்லை யாரோ போட்டிருந்த மோதிரமா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வார்ப்படக்காரன் கேட்டது:

வணக்கம். நான் ஒரு வார்ப்பட ஆலையில் தரப்பிரிவில் வேலை பார்க்கிறேன். தொல்லியல் எல்லாம் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனில் படிப்பதோடு சரி, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கிற அதே வில்ட்ஷயர் பகுதியில் அப்டன் லவல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மேட்டுக் கல்லறையை 1801இல் வில்லியம் கன்னிங்டன் என்பவர் தோண்டியிருக்கிறார். கிமு 1850லிருந்து 1700க்குள் புதைத்தது என்கிறார்கள். உள்ளே கல் கோடரிகள், சக்கிமுக்கிக் கல்லில் இயற்கையாகக் குழிந்த கிண்ணங்கள், துளை போட்ட எலும்பு முனைகள் ஒரு குவியல். எலும்பு முனைகள் உடையில் தொங்கவிட்டவை என்று நினைத்து, இது யாரோ சாமியாடியின் கல்லறை என்றே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். 2022 டிசம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கற்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ஐந்து கருவிகளில் தங்கத் துணுக்கு இருக்கிறது (ஒன்றில் இருப்பது முன்பே தெரிந்ததுதான்), ஆகவே இது தங்க வேலை செய்கிறவரின் கருவிகள் என்று வெளியிட்டார்கள்.

என் சந்தேகம் இதுதான். தோண்டி எடுத்து 220 வருடம் ஆகிவிட்டது. எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்! அவர்களில் பாதிப் பேர் கையில் கல்யாண மோதிரம் இருந்திருக்கும். அது உரசி ஒட்டிய தங்கம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எங்கள் ஆலையில் எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று இருக்கிறது, பழைய உலோகச் சரக்கு வந்தால் அதை வைத்து அடிப்போம், பத்து விநாடியில் செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அதையேதான் அங்கேயும் செய்கிறார்களா?

---

மியூசியம்மூலை பதில்:

அசட்டுக் கேள்வியெல்லாம் இல்லை, இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். நான் அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்பு வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் துப்பாக்கி இங்கே உதவாது. அது ஒரே நேரத்தில் சில மில்லிமீட்டர் அகலப் பரப்பைப் பார்க்கிறது, கல்லின் மேல் ஒட்டியிருக்கும் துணுக்கோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கல்லின் சிலிக்காவும் இரும்பும் போடுகிற சத்தத்தில் தங்கம் முனகுவது கேட்கவே கேட்காது. கேட்டாலும் அதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதனால்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி. கருவியை அப்படியே வெற்றிட அறைக்குள் வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவார்கள். அணு எடை கூடிய தனிமம் எலக்ட்ரானை அதிகமாகத் திருப்பி அடிக்கும். கல்லில் இருப்பது சிலிக்கன், அணு எண் 14, அப்புறம் ஆக்சிஜன், 8. தங்கம் 79. படத்தில் கல் கருமையாகவும் தங்கம் பளீரென்று வெள்ளையாகவும் தெரியும், தேடவே வேண்டாம். பிறகு அந்த வெள்ளைப் புள்ளியில் மட்டும் கற்றையை நிறுத்தி, அதிலிருந்து வருகிற எக்ஸ்ரேயைப் படித்தால் அந்தத் துணுக்கின் கலவை வந்துவிடும்.

இங்கேயும் ஏமாறலாம். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள சில எக்ஸ்ரே ஆற்றல்களில் கோடு காட்டும். தங்கத்தின் ஒரு கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், பாஸ்பரஸ் 2.01இல் வரும், இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும். எலும்பு கிடந்த கல்லறை மண்ணில் பாஸ்பேட்டுக்கா பஞ்சம்? அதனால் 9.71இல் இருக்கும் தங்கத்தின் இன்னொரு கோடும் எழும்புகிறதா என்று பார்க்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது உங்கள் மோதிரத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 9 காரட் மோதிரம் சர்வ சாதாரணம், அதில் தங்கம் 37.5 சதவீதம்தான், மீதியில் செம்பு, வெள்ளி, பல நேரம் துத்தநாகம். நம் ஊர் 22 காரட் என்றாலும் செம்பு தெரியும். அந்தக் காலத்துத் தங்கம் பெரும்பாலும் ஆற்று மணலில் எடுத்தது, அதில் இயற்கையாகவே வெள்ளி கணிசமாக இருக்கும், செம்பு குறைவு. அப்டன் லவல் துணுக்குகளில் வெள்ளி கூடுதலாகத்தான் இருந்தது, பிரிட்டனின் மற்ற வெண்கலக் காலத் தங்கப் பொருட்களோடு அது ஒத்துப்போகிறது. அதைச் சொன்னவர்களில் சௌத்தாம்ப்டனைச் சேர்ந்த கிறிஸ் ஸ்டாண்டிஷ் ஒருவர், அந்தக் காலத்துத் தங்கத்தின் கலவையே அவருடைய துறை. ஆகவே மோதிரம் இல்லை என்பது கிட்டத்தட்ட உறுதி.

ஒரு பக்கக் கதை. இதே வேலையில் ஒருமுறை ஒரு கல்லில் வெள்ளையாக உலோகப் பூச்சு கிடைத்தது என்று எங்களில் ஒருவர் துள்ளிக் குதித்தார். பார்த்தால் டைட்டானியம். டைட்டானியம் வெள்ளைப் பெயிண்ட் 1920 வாக்கில்தான் கடைக்கே வந்தது. யாரோ பொருள் எண்ணை எழுதுவதற்கு அடியில் பூசி, பிறகு சுரண்டி எடுத்திருக்கிறார்கள். தோண்டும்போது படும் கரணை, அளவெடுக்கும் காலிப்பர், பித்தளைத் தூரிகை, இவை எல்லாமே கல்லில் கோடு போட்டுவிட்டுப் போகும்.

---

பத்தர்வீட்டுப்பையன் பதில்:

அண்ணா, நாங்கள் மூன்று தலைமுறையாகத் தங்க வேலைதான், நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடி வந்துவிட்டேன். அதனால் மெஷின் பக்கம் போகாமல் பட்டறைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

தங்கம் ஒட்டுவது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. தாத்தாவின் உரைகல் இன்னும் வீட்டில் இருக்கிறது. உரைத்து மாற்றுப் பார்த்த பிறகு மெழுகு உருண்டையால் ஒற்றி எடுப்பார், அந்த உருண்டையை வருடக்கணக்கில் சேர்த்து வைத்து உருக்கினால் அதில் தங்கம் தேறும். அப்படி ஒற்றிய பிறகும் கல்லின் சன்னக் குழிகளில் கொஞ்சம் மாட்டிக்கொண்டுதான் இருக்கும். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையையும், வாசல் சாக்கடை மண்ணையுமே காசு கொடுத்து வாங்கி அரிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கம் துருப்பிடிக்காது, மண்ணோடு சேர்ந்து கரையாது, குழிக்குள் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

நான் பார்ப்பது வேறு. எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? மோதிரம் பட்டால் கல்லை எடுத்துப் பிடிக்கிற இடத்தில், விளிம்பில், மேடான இடத்தில் கோடு விழும். வேலை செய்த கல் என்றால் தேய்ந்து வழவழப்பான முகத்தில்தான் இருக்கும், அதுவும் தேய்த்த திசையிலேயே இழுபட்டிருக்கும். அந்தக் கட்டுரைக்காரர்கள் தேய்மானத்தையும் தனியாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று படித்தேன். சில கற்கள் சுத்தியலும் பட்டடையுமாகவும், சில மழுக்கித் தேய்க்கவும் பயன்பட்டவை என்று பிரித்திருக்கிறார்கள். எனக்கு மெஷின் கொடுத்த நம்பரைவிட இதுதான் பெரிய சாட்சி.

இன்னொன்று. அவர்கள் செய்தது உருக்கி வார்த்த கனமான நகை இல்லையாம், மரம், அம்பர் (இறுகிய மரப்பிசின்), ஷேல் என்ற மிருதுவான கரும்பாறை மாதிரியான ஒன்றை உள்ளே வைத்து மேலே மெல்லிய தகடு போர்த்தியது. நம் ஊரில் அரக்கை உள்ளே வைத்துக் குண்டு செய்கிற மாதிரி. அந்த வேலையில் தகடு மெலிந்த பிறகு சுத்தியலே ஆகாது, அடித்தால் கிழிந்துவிடும். வழவழப்பான கல்லால் மெதுவாக அழுத்தி அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ஆகவே ஒரே ஆளிடம் சொரசொரப்பானது, நடுத்தரம், வழவழப்பு என்று ஏழெட்டுக் கல் இருந்தால் அவர் என்ன செய்தார் என்று எங்கள் அப்பாவிடம் கேட்டால் அவரே சொல்லிவிடுவார், எலக்ட்ரான் எல்லாம் வேண்டாம் :)

---

சந்தேகப்பிராணி பதில்:

நல்ல பதில்கள், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. இதை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

அதே அப்டன் லவலில் இன்னொரு மேடு இருக்கிறது, பெயரே ‘தங்க மேடு’. அதையும் அதே கன்னிங்டன்தான் 1803இல் தோண்டினார். தங்கத் தகடு, தங்க மணிகள், உள்ளே ஷேல் வைத்து மேலே தங்கம் போர்த்திய கூம்பு ஒன்று, எல்லாம் அதில் கிடைத்தன. 1808இல் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்து புஷ் பேரோ என்ற மேட்டுக் கல்லறையில் இன்னும் பெரிய தங்கத் தகடுகள் கிடைத்தன. இந்த எல்லாமும், நாம் பேசுகிற கற்களும், ஒரே சேகரிப்பாக இருந்து கடைசியில் டெவைசஸ் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்தவை.

அதாவது கல்லும் தங்கமும் ஒரே கையால், ஒரே மேசையில், ஒருவேளை ஒரே பெட்டியில் புழங்கியிருக்கலாம். அந்தத் தங்கமும் வெண்கலக் காலத் தங்கம்தானே? வெள்ளி கூடுதல், செம்பு குறைவு என்று அதிலும் அதே கலவைதான் வரும். ஆக, கலவையை வைத்து மோதிரத்தைத்தான் ஒதுக்க முடியும், பக்கத்துக் கல்லறைத் தங்கத்தை ஒதுக்க முடியாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம் பத்திரிகைகள் போட்ட ‘பொற்கொல்லர் கல்லறை’ என்கிற தலைப்பு. ஒரு கல்லறையில் கருவி இருந்தால் அது செத்தவருடைய கருவிதான் என்று யார் சொன்னது? எங்கள் தாத்தாவைத் தகனம் செய்தபோது வெற்றிலைப் பெட்டியை வைத்தார்கள், அவர் வெற்றிலை வியாபாரி இல்லை.

---

மியூசியம்மூலை பதில்:

சபாஷ். அந்தப் பெட்டி விஷயம் நிஜமான ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். கலவை மட்டும் கையில் இருந்தால் நானும் தோற்றுப்போவேன்.

ஆனால் பையன் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பெட்டிக்குள் உரசினால் தங்கம் கல்லின் மேட்டுப் பகுதிகளில், கண்டபடி விழும். தேய்மானக் கோடுகளுக்குள் இறங்கி, அந்தக் கோடு ஓடும் பக்கமே நீண்டு கிடக்காது. அப்புறம் துணுக்கின் மேல் மண்ணிலிருந்து படிந்த சுண்ணாம்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். பொருக்குக்கு அடியில் தங்கம் என்றால், மண்ணுக்குள் போவதற்கு முன்பே ஒட்டியது. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ஆகவே பொருக்குக்குக் குறைவிருக்காது, ஆனால் நூறு வருடம் முன்பு யாராவது ‘அழகாக இருக்கட்டும்’ என்று தேய்த்துக் கழுவியிருந்தால் அந்தச் சாட்சி போச்சு. நான் செய்வதாக இருந்தால் அதே சேகரிப்பில், வேலைக்கே பயன்படாத இன்னும் பத்துக் கற்களை எடுத்து அதே நுண்ணோக்கியில் வைப்பேன். அவற்றிலும் தங்கம் மினுங்கினால் பெட்டிதான் குற்றவாளி.

தலைப்பு விஷயத்தில் கட்டுரை எழுதியவர்களைத் திட்டாதீர்கள், பத்திரிகைகளைத் திட்டுங்கள். இவர் பூசாரியா பொற்கொல்லரா என்று முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, இந்தக் கல் எங்கிருந்து வந்தது, எந்த வேலையில் தேய்ந்தது, எந்தப் பொருளோடு சேர்ந்தது என்று பாருங்கள் என்பதுதான் அவர்கள் கட்டுரையின் வாதமே. அதில் இருக்கும் சக்கிமுக்கிக் கோடரிகள் புதைக்கும்போதே ஆயிரக்கணக்கான வருடம் பழசு, யாரோ முன்னோர் போட்டுவிட்டுப் போனதை எடுத்துத் தங்க வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் தங்கத்தைவிடச் சுவாரசியம்.

உரைகல் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். செக் நாட்டு ஆய்வாளர் மார்ட்டின் யெஷெக், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ‘சாணைக்கல்’ என்று சீட்டு ஒட்டிக் கிடந்த கல்லறைக் கற்களை வரிசையாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஸ்வீடனில் தூனா என்ற ஊரின் கல்லறைக் கற்களும் அதில் உண்டு. கத்தி தீட்டியிருந்தால் இரும்புக் கீறல் இருக்க வேண்டும். பல கற்களில் இருந்ததோ ஈயம், பித்தளை, வெள்ளி, சிலதில் தங்கம், மெல்லிய கோடு கோடாக. உரைகல்! நூறு வருடமாகச் சாணைக்கல் என்று அட்டவணையில் எழுதிவைத்திருந்தார்கள்.

---

உலைக்கரி பதில்:

எல்லாரும் தங்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தங்கம் சுலபம், எதோடும் சேராத சாமியார் உலோகம், போனபடியே இருக்கும். வார்ப்படக்காரர் வார்ப்பட ஆலை என்கிறார், அவருக்கு மூசைதான், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம்தான், சரியான பாடம்.

பழைய மூசையின் உட்புறத்தில் எக்ஸ்ரே வைத்து, ‘துத்தநாகம் நிறைய, செம்பு கொஞ்சம், ஆகவே பித்தளை வார்த்தார்கள்’ என்று எழுதுவது இந்தத் துறையில் பலர் விழுந்த பள்ளம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி மூசைச் சுவரின் சன்னத் துளைகளுக்குள் போய், களிமண்ணோடு வினை புரிந்து அங்கேயே தங்கிவிடும். செம்பு உருகி, வார்க்கும்போது வெளியே போய்விடும். ஆகவே மூசை சொல்வது உள்ளே இருந்த கலவையை இல்லை, உள்ளேயிருந்து எது தப்பி ஓடியது என்பதைத்தான். இரண்டு மூன்று சதவீதத் துத்தநாகம் உள்ள கலவையை உருக்கினாலும் சுவரில் துத்தநாகம் முதலிடத்துக்கு வரலாம். வார்ப்பு அச்சுகளிலும் இதே கூத்துதான், இப்போதைய உலோகத்தை வார்த்துப் பரிசோதித்துப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள்.

ஈயமும் ஆர்செனிக்கும் அடுத்த பள்ளம். ஈயத்தின் முக்கியக் கோடு 10.55, ஆர்செனிக்கின் முக்கியக் கோடு 10.54, ஒன்றின் மேல் ஒன்று. துப்பாக்கி இரண்டில் ஏதோ ஒன்றின் பெயரைத் துணிச்சலாகச் சொல்லும். ஈயத்துக்கு 12.6இலும் ஆர்செனிக்குக்கு 11.7இலும் துணைக் கோடு உண்டு, அதைக் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சரியான வழி, மூசைச் சில்லை வெட்டி, மெருகிட்டு, குறுக்குவெட்டில் பார்ப்பது. உள்சுவரில் உருகிக் கண்ணாடியான படலத்துக்குள் ஊசிமுனை அளவு உலோகத் துளிகள் சிறைப்பட்டிருக்கும். கண்ணாடி மூடியிருப்பதால் காற்றும் நீரும் தொடாமல் அன்றைய கலவை ஓரளவு அப்படியே இருக்கும். நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில் கிடைத்த மூசைச் சில்லுகளை 1990களில் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்தபோது, உள்ளே ஒட்டியிருந்த உலோக எச்சம் கரி கூடிய எஃகு என்று தெரிந்தது. அதாவது வூட்ஸ் எனப்படும் பழைய தென்னிந்திய மூசை எஃகு செய்த இடம். உள்ளே இருந்த எஃகுக் கட்டி எந்த நாட்டுக் கத்தியாகப் போனதோ, சில்லில் மாட்டிய மிச்சம்தான் ஊரைக் காட்டிக்கொடுத்தது.

சில்லை வெட்டலாமா என்று அருங்காட்சியகத்தைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது மியூசியம்மூலைக்கே தெரியும்.

---

மியூசியம்மூலை பதில்:

‘விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்.’

---

சந்தேகப்பிராணி பதில்:

உலைக்கரி சொன்னதற்கு ஒட்டி ஒன்று. வானியலாளர் டைக்கோ பிராஹே ரசவாத ஆய்வுக்கூடம் வைத்திருந்த யூரானிபோர்க் மாளிகையில் கிடைத்த கண்ணாடி, மண்பாண்ட ஓடுகள் ஐந்தின் ஆய்வு 2024இல் வந்தது. ஓட்டின் மேற்பரப்பில் செம்பு, பாதரசம், தங்கம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். டங்ஸ்டனும் இருந்தது. அந்த உலோகத்தைப் பிரித்து எடுத்ததே 1783இல், பிராஹே இறந்தது 1601இல். உடனே ‘பிராஹேவுக்கு டங்ஸ்டன் தெரியுமா’ என்று செய்தி. ஏதோ கனிமத்தோடு தானாக வந்து சேர்ந்திருக்கலாம், அவருக்குத் தெரியாமலேயே பாத்திரத்தில் ஒட்டியிருக்கலாம். பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் சமையல்காரர் தெரிந்து போட்டது என்று அர்த்தமில்லை.

---

வார்ப்படக்காரன் பதில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மோதிரக் கேள்விக்கு விடை கிடைத்தது, பதிலுக்கு ஒரு பெட்டிக் கேள்வி கிடைத்திருக்கிறது.

உலைக்கரி சொன்னதைப் படித்துவிட்டு இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வேலை செய்தேன். எங்களிடம் உடைந்துபோன கிராஃபைட் மூசை ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதில் 85-5-5-5 கன்மெட்டல் மட்டும்தான் உருக்குவோம், அதாவது செம்பு 85, தகரம் 5, ஈயம் 5, துத்தநாகம் 5. பித்தளை அதில் போனதே இல்லை, பதிவேடு இருக்கிறது. துப்பாக்கியை வைத்து அடித்தேன். துத்தநாகம் செம்பைத் தாண்டி முதலில் நிற்கிறது! இதை மண்ணில் புதைத்து ஆயிரம் வருடம் கழித்து யாராவது எடுத்தால் எங்களைப் பித்தளைக்காரர்கள் என்றுதான் எழுதுவார்கள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு உடைந்த மூசைக்கு எதற்கு டெஸ்ட் என்று கேட்டார், சும்மா கேலிப்ரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

---

உலைக்கரி பதில்:

அருமை! எந்த இடத்தில் அடித்தீர்கள், வாய் விளிம்பிலா, அடியிலா?

---

வார்ப்படக்காரன் பதில்:

விளிம்பில்தான், அங்கேதான் வெள்ளையாகப் படிந்திருந்தது.

---

உலைக்கரி பதில்:

அது துத்தநாக ஆக்சைடு, ஆவி மேலே வந்து காற்றுப் பட்டதும் அங்கே படிந்தது. நாளைக்கு அடியிலும் நடுச்சுவரிலும் அடித்து மூன்று நம்பரையும் இங்கே போடுங்கள். சூப்பர்வைசர் சாப்பிடப் போன பிறகு.